மாதிரி பழையது

கண்ணாடித் தகடுகளை ஏந்தியபடி அவள் காத்து நின்றாள்.

கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார்டு மருத்துவர் அவருடைய இடுப்பெலும்பில் ஊசியைத் திருகிக்கொண்டிருந்தார். அதை ஊசி என்பதெல்லாம் ஒரு மரியாதைக்காக. கடப்பாரைக்குக் கூடப்பிறந்த தம்பி அது.

மூன்றாவது தடவை.

முதல் இரண்டு தடவையும் மஜ்ஜை ரத்தம் குழாயில் அடைபட்டு அடித்தளத்துக்குப் போனது. அவளுடைய பரிசோதனைக் கூடத்துக்கு. இரண்டு தடவையும் அவள் ஒரே வரியை எழுதித் திருப்பியனுப்பினாள்.

மாதிரி பழையது. மறுபடி எடுக்கவும்.

இங்கே வேலைக்குச் சேர்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் வார்டுக்கு ஏறி வந்தது மொத்தம் மூன்று முறை. அதிலும் இரண்டு, தீயணைப்பு ஒத்திகை.

படுத்திருந்தவர் ஆவுடையப்பன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தோரு வயது. ஒரு வருஷமாகக் காய்ச்சல் விடவில்லை, ரத்தம் ஊறவில்லை. இரண்டு காதும் சிவந்து வீங்கிக் கிடந்தன. அந்தக் காதோடு தண்டவாளத்து ஓரம் நின்றால் எந்த எக்ஸ்பிரஸும் நின்றுவிடும்.

"டாக்டரம்மா," என்றார் சுவரிடம். "ரெண்டு வாட்டியும் கெட்டுப்போச்சுன்னு சொன்னியளாம்லா. அது என்ன, எருமப் பாலா?"

வார்டு மருத்துவர் சிரித்துவிட்டார்.

அவள் சிரிக்கவில்லை.

சிரிஞ்சில் சிவப்பு ஏறியது. ஆவுடையப்பனின் கால்விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.

ஒரு சொட்டு, ஒரு இழுப்பு. ஒரு சொட்டு, ஒரு இழுப்பு. எட்டுத் தகடுகளில் அவள் ரத்தத்தைப் படலமாக இழுத்தாள். உறைவதற்குள், சூடு ஆறுவதற்குள்.

குழாயில் நெடுநேரம் கிடந்த ரத்தத்தில் செல்களுக்குள் ஓட்டை விழும். இந்தத் தொழிலில் அது அரிச்சுவடி. அதனால்தான் ஓட்டைகளைக் கண்டதும் இரண்டு முறையும் யோசிக்காமல் எழுதினாள். குழாயைக் கொண்டுவந்த வார்டு ஆயா முப்பிடாதியையும் விடவில்லை. ஆடி அசைந்து வந்தீர்களா, வழியில் டீ குடித்தீர்களா என்று கேட்டுவிட்டாள்.

எடுத்த சூட்டோடு ஓடிவந்தேன் என்றாள் முப்பிடாதி. ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முட்டியிலும் வலி. அவள் ஓடினாள் என்றால் யார் நம்புவார்கள்?

நேற்று மூன்றாவது பரிசோதனைக்கான படிவம் வந்தது. நோய்க்குறிப்பில் ஒரு வரி: காதுக் குருத்தெலும்பு வீக்கம்.

அவள் பழைய படிவங்களைத் தேடி எடுத்தாள்.

அவற்றிலும் அந்த வரி இருந்தது.

*

சாயம் ஏற இருபது நிமிடம். அவள் அதற்குள் நான்கு தடவை கை கழுவிவிட்டாள்.

எப்போதோ ஒரு கருத்தரங்கில் அரைத் தூக்கத்தில் கேட்டது, இப்போது வரிவரியாக வந்தது. செல்லுக்குள் பழுதான புரதங்களின் மேல் ஒரு சீட்டு ஒட்டப்படும். சீட்டு ஒட்டியதைச் செல் குப்பையென்று எடுத்து அழித்துவிடும். அந்தச் சீட்டின் பெயர் யுபிக்விட்டின். சும்மா கிடக்கிற சீட்டுக்கு முதலில் உயிரூட்ட ஒரு நொதி உண்டு. யுபிஏ1.

வயதான காலத்தில், மஜ்ஜையின் ஒரே ஒரு தாய்ச்செல்லில், அந்த நொதிக்கான மரபணு ஓரிடத்தில் பிசகினால் போதும். அப்பன் கொடுத்ததில்லை, பிள்ளைக்குப் போவதுமில்லை. குப்பை தேங்கும். உடம்பு தனக்குத்தானே தீ வைத்துக்கொள்ளும்.

காய்ச்சல். காது. ரத்தசோகை.

பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டிய ஆண்கள்.

மஜ்ஜையின் இளம் செல்களில் ஓட்டைகள்.

அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள்.

செல்லெல்லாம் ஓட்டை ஓட்டையாக, கண்விட்ட ஆப்பம்.

அடுத்த தகடு. அதற்கடுத்தது. எட்டிலும் ஆப்பம்.

உடம்பை விட்டு வந்து ஒரு நிமிடம்கூட ஆகுமுன் தகட்டில் இழுத்த ரத்தம்.

வார்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். மரபணுச் சோதனைக்கு ரத்தம் அனுப்பச் சொன்னாள். நோயின் பெயர் உறுதியானால் மருந்துக்கு வழி இருக்கிறது என்றாள். தாங்குகிற உடம்பாக இருந்தால் மஜ்ஜையையே மாற்றலாம் என்றாள்.

வார்டு மருத்துவர் கேட்டார்.

"முதல் தடவையே தெரிஞ்சிருக்குமா, மேடம்?"

"தெரிஞ்சிருக்கும்."

அதற்கும் இதற்கும் இடையில் எட்டு மாதம்.

வாசலில் முப்பிடாதி காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நுண்ணோக்கியை விட்டு அவள் எழுந்து போய் முப்பிடாதியின் எதிரே நின்றாள். எமனிடம் வாதாடுவதுகூட இதைவிடச் சுலபம்.

"அக்கா, நீங்க அன்னைக்கு ஓடித்தான் வந்திருக்கீங்க. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

முப்பிடாதி நிமிரவில்லை.

"அந்தப் பெரியவுகளுக்கு மட்டுமா டாக்டர்? எல்லாருக்கும் ஓடித்தான் வந்தேன்."

ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு உட்கார்ந்தது.

அவள் உள்ளே போனாள். மேல் அலமாரியிலிருந்து பதிவேடுகளை இறக்கினாள். இந்த வருஷத்தது. போன வருஷத்தது. அதற்கு முந்தையது. எல்லாவற்றிலும் அவளுடைய அழகான கையெழுத்து.

மாதிரி பழையது. மாதிரி பழையது.

ஆண்கள். ஐம்பதுக்கு மேல். மறுமாதிரி வராமலே போனவர்கள்.

நான்கு பெயர்கள்.

முதல் பெயருக்கு எதிரே ஒரு தொலைபேசி எண் இருந்தது. எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

நெடுநேரம் மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். பின்னால் தொலைக்காட்சியில் ஏதோ தொடர், ஒரே கூச்சல்.

அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். அவரிடம் பேச வேண்டும் என்றாள்.

எதிர்முனையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்கள்.