எட்டாம் வீட்டுச் செவ்வாய்

"செவ்வாயில் தண்ணீர் இருக்கிறது" என்று அரங்கநாதன் சொல்லி வாயை மூடவில்லை, கூட்டத்திலிருந்து ஒரு செருப்பு பறந்து வந்து மேடை மேஜையில் விழுந்தது.

குடத்துக்குத் தண்ணீர் கிடைக்காத கோபம் என்றுதான் பெரம்பலூர்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் நினைத்தார்கள். எழுபத்தேழாம் வருடக் கோடையில் ஊரில் யாருக்குத்தான் அந்தக் கோபம் இல்லை? ஆனால் ஒற்றைச் செருப்போடு எழுந்து வந்த பழனிவேல், உடையார்பாளையத்தில் முந்திரி வியாபாரம் செய்கிறவன். தங்கை பஞ்சவர்ணத்தையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தான்.

தலைமையாசிரியர் பதறிப்போனார். "யோவ், யாருய்யா நீ? பெரிய மனுசங்க கூடியிருக்கிற இடத்துல..."

"நீங்க சும்மா இருங்க சார். இந்தக் காலேஜு வாத்தியாரைத்தான் நான் கேக்கணும்." பழனிவேல் மேடைக்கு நேராக நின்றான். "யோவ், அந்த அமெரிக்காக்காரன் விட்ட விண்கப்பல் செவ்வாயைச் சுத்திக்கிட்டு என்ன பண்ணுது? இன்னொரு தரம் சொல்லு."

அரங்கநாதன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "செவ்வாயில பட்டுத் திரும்புற வெயில்ல எந்தக் கதிர் குறையுதுன்னு பாக்குது. குறைஞ்சதை வச்சு நீராவி எவ்வளவுன்னு அளக்குது. மொத்த ஆவியையும் தண்ணியாக்கித் தரையில பரப்பினா தலைமுடி கனந்தான் வரும்."

"தலைமுடி கனத்தை அளந்ததெல்லாம் நல்லாத்தான் பேசுற. அந்தச் செவ்வாய் என் தங்கச்சி ஜாதகத்துல எட்டாம் வூட்டுல ஒக்காந்திருக்கு, தோஷம்னு சொல்லிக் கல்யாணத்தை நிறுத்துனியே, வெக்கமா இல்ல?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலைமையாசிரியருக்கே முகம் மாறிவிட்டது.

"நெசமா அரங்கநாதன்?"

"நெசந்தான் சார்." பதில் தலைமையாசிரியருக்கு, பார்வை பஞ்சவர்ணத்தின் மேல். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

மேடையில் விஞ்ஞானம், வீட்டில் பஞ்சாங்கம். படித்தவன் செய்கிற காரியமா இது? கேட்டவர்களுக்கெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்கம்மா ஜாதகம் பாத்து, பொருத்தம் அமோகமா இருக்குன்னு சொல்லித்தானே தட்டு மாத்த நாள் குறிச்சாங்க? அப்ப இல்லாத தோஷம் இப்ப எங்கேருந்து வந்துச்சு?" பழனிவேல் மேடை விளிம்பில் ஓங்கிக் குத்தினான். "எங்கூருக்கு வந்தும் இதே பேச்சைப் பேசுன. கூட்டம் முடிஞ்சு இவ உங்கிட்ட அவ்வளவு நேரம் நின்னு பேசிக்கிட்டிருந்தா. கட்டிக்கப் போறவங்கதானேன்னு நானும் தள்ளி நின்னேன். மறுநாளே தோஷம்னு சொல்லி அனுப்புற!"

அவன் தங்கையை முன்னால் இழுத்து நிறுத்தினான். "பியூசியில பர்ஸ்ட் கிளாஸுய்யா இவ. நல்ல இடமா வந்திருக்கு, படிச்சது போதும்னு நான்தான் நிறுத்திப்போட்டேன். தோஷக்காரின்னு பேராயிடுச்சு. இனி இவளை எவன் கட்டுவான்?"

"அடிங்கய்யா அந்தாளை!" என்று யாரோ கத்தினார்கள். நாலைந்து பேர் மேடையில் தாவி ஏறினார்கள். அரங்கநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றான்.

பஞ்சவர்ணம் அண்ணன் பிடியை உதறினாள். விறுவிறுவென்று மேடையேறி, மேஜையில் கிடந்த செருப்பை எடுத்து வந்து அண்ணன் கையிலேயே திணித்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அவள் அண்ணனை முறைத்தாள்.

"காலேஜுக்குப் போறேன், போறேன்னு எத்தனை தடவை உங்ககிட்ட கெஞ்சினேன்? எங்கேயோ இருக்கிற செவ்வாயில என்ன இருக்குன்னு மேல சுத்துற கப்பலுக்குத் தெரியுது. ஒரே வூட்டுல இருக்கிற உங்களுக்கு நான் சொல்றது காதுல ஏறல."

பழனிவேல் விழித்தான். "அதுக்கும் இவன் பண்ணுனதுக்கும் என்ன புள்ள சம்பந்தம்?"

"இந்தச் செருப்பை என் மேல எறிங்கண்ணே. தோஷம்னு சொல்லச் சொன்னதே நான்தான்."