இருபத்தேழாம் ஆணி

“மூடியைத் தா பிள்ளை! மரியாதையாக் கேக்கிறன், என்ர மூடியைத் தா!”

யோசெப் மேசையில் ஓங்கி அடித்தார். கடற்றொழிலாளர் சங்கச் செயலாளர் கிருசாந்தினியின் தேத்தண்ணிக் கோப்பை சரிந்து, வரவுக் கொப்பி முழுக்க நனைந்தது.

“உங்கட மூடி என்னட்டை இல்லை, யோசெப் அண்ணை. எத்தினை தரம் சொல்லுறது?”

“பொய் சொல்லாதை! நேற்றுப் பின்னேரம் உன்ர கையிலதானே தந்தனான்!”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. பின்சுவரில் ஒரு பலகை. அதில் வரிசையாக முப்பது ஆணிகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு படகின் இலக்கம். காற்று எச்சரிக்கை வந்தால் கரையில் உள்ள எல்லாரும் தங்கள் படகின் மூடியைக் கழற்றி வந்து இங்கே மாட்டிவிட வேண்டும். படகுக்குள் சேரும் தண்ணீரை வடியவிடப் பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும். அதை அடைக்கிற சின்ன ரப்பர் மூடிதான். அது இல்லாமல் கடலில் இறக்கினால் படகு தாழும். எச்சரிக்கையை மதிக்காமல் போன மூன்று பேர் திரும்பி வராத வருடம், மாதா கோயில் முற்றத்தில் எல்லாருமாகக் கைதூக்கிப் போட்ட சட்டம் இது.

இருபத்தொன்பது ஆணிகளில் மூடிகள் தொங்கின. யோசெப்பின் இருபத்தேழாம் ஆணி மட்டும் வெறுமையாக இருந்தது.

அவருடைய மகன் டிலக்ஸன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயது. அவனுக்குப் பின்னால் அரைவாசிக் கரையே கூடியிருந்தது.

“அக்கா, வெளியில வந்து கடலைப் பாருங்கோ. குளம் மாதிரிக் கிடக்கு. பக்கத்து நாயாற்றுக் கரையில இறங்கினவை பாரை மீன் அள்ளுறாங்களாம். போன கிழமையும் காத்து வருது எண்டு மறிச்சனீங்கள். ஒரு இலை அசைஞ்சதோ?”

“போன கிழமை திசை மாறிட்டுது. இந்தத் தாழமுக்கம் மாறேல்லை, கிட்ட வந்திட்டுது. ராவைக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தில அடிக்குமாம்.”

“எங்க அடிக்குமாம்? வாசியுங்கோ பாப்பம்!”

அவள் கைத்தொலைபேசியைத் தூக்கி வாசித்தாள். “காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை ஊடாக மட்டக்களப்பு வரையான கடற்பரப்பு...”

“பாத்தியளே! எங்கட முல்லைத்தீவு எண்டு ஒரு சொல்லு இருக்கோ?”

கூட்டம் சிரித்தது. கிருசாந்தினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காங்கேசன்துறைக்கும் திருகோணமலைக்கும் நடுவில பின்ன ஆரடா இருக்கிறது? அமெரிக்காக்காரனோ?”

“ஏசி அறைக்குள்ள இருந்து அறிக்கை எழுதுறவனுக்குக் கடல் தெரியுமோ, எனக்குத் தெரியுமோ?” யோசெப் கத்தினார். “நாற்பது வருசம் தொழில் செய்யிறன். மூடியைத் தா!”

டிலக்ஸனுக்குப் பொறுமை போய்விட்டது. விறுவிறென்று உள்ளே வந்து இருபத்தாறாம் ஆணியில் கை வைத்தான். “எல்லாம் ஒரே அளவுதானே. வாங்கோ அப்பா, போவம்.”

யோசெப் அவன் கையைத் தட்டிவிட்டார். “அடுத்தவன்ர சாமானைத் தொடாதை! எங்கட மூடிதான் எங்களுக்கு வேணும். அதை இவள் தரவேணும்!”

“அப்ப ஓட்டையில துணியை அடைச்சுக்கொண்டு போவம்.”

“துணி அடைச்சுக்கொண்டு கள்ளன் மாதிரிப் போறதோ? வாங்கினவள் தரட்டும். தரும்வரைக்கும் நான் இஞ்சயிருந்து அசையன்!” கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

கிருசாந்தினி எழுந்தாள். சொல்லக்கூடாது என்று இவ்வளவு நேரமும் அடக்கி வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

“மூத்தவனைக் கடலுக்குக் குடுத்திட்டு இருக்கிறியள். இப்ப இளையவனையும் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறியளே, வெக்கமா இல்லையோ?”

யோசெப் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அந்தக் கதை உனக்குத் தேவையில்லை,” என்றார். “கள்ளி!”

நாலு வருடமாகச் சம்பளம் இல்லாமல் இந்தச் சங்கத்துக்கு மாரடிக்கிறாள். ஒருவரும் அவளை அப்படிச் சொன்னதில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள்.

டிலக்ஸன் கதவைக் காலால் உதைத்தான். “விடிய வருவன் அக்கா. மூடி அந்த ஆணியில இருக்க வேணும். இல்லாட்டி உங்கட சங்கமும் இல்லை, இந்தப் பலகையும் இல்லை!”

அவனுடைய மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு வீட்டுப் பக்கம் போனது. வேடிக்கை முடிந்ததும் கூட்டமும் கலைந்தது.

யோசெப் மட்டும் கதிரையிலேயே இருந்தார்.

“நீங்களும் எழும்பிப் போங்கோ,” என்றாள் கிருசாந்தினி. “நாளைக்கே கூட்டம் வைப்பம். மாதாவுக்கு முன்னால சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணுவன். உங்கட மூடியை நான் கண்ணாலயும் காணேல்லை!”

யோசெப் எழுந்து வாசல்வரை போனார். மோட்டார் சைக்கிள் சத்தம் முழுதாக அடங்கும்வரை காதுகொடுத்து நின்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்து, சாரத்தின் மடியை அவிழ்த்து, அதற்குள் இருந்த ரப்பர் மூடியை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“காத்து அடிச்சு ஓயட்டும், பிறகு ஆணியில மாட்டு. என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. நான் இவனை மறிச்சிருந்தா என்னோட கோவிச்சுக்கொண்டு இறங்கியிருப்பான்... மூத்தவன் அப்பிடித்தான் போனவன்.”