கல்வாழைக் குலை

வத்தல்மலைச் சரிவில் வெயில் சாய்ந்தும் பாறை சுடுகிறது. உச்சியில் ராயம்மாள் வடக்கயிற்றை வேங்கை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி இரண்டு கைகளாலும் பிடித்திருக்கிறாள். மறுமுனையில் அவள் கணவன் சவரிராயன் தொங்குகிறான். கல்லடைப்பில் துடிக்கும் அவள் தம்பிக்குக் கல்வாழை விதை வேண்டும். பக்கக்கன்று விடாமல் ஆயுளுக்கு ஒரே முறை குலை தள்ளும் அந்த வாழை, பாறை இடுக்கில் இலை கருகிச் செத்துக்கொண்டிருக்கிறது. குலை எட்டவில்லை. அவன் கால் அதன் பருத்த அடியைத் தேடுகிறது. "அதும்மேல கால வெக்காதீங்க! காய்ச்ச மரம், வேரு செத்திருக்கும்!" அவன் வைத்துவிடுகிறான், ஒரு பழத்தைப் பறிக்கிறான். மரம் சத்தமில்லாமல் கழன்று போகிறது. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடி, நிற்கிறது. கீழே குலை சிதறி, கறுத்த விதைகள் உருண்டு உருண்டு பாறை வெடிப்புகளில் விழும் ஓசை வெகுநேரம் கேட்கிறது. பொம்மிடிப் பக்கம் கரி ரயில் கூவுகிறது. "ஏங்க!" என்று கத்துகிறாள். "இருக்கறேன். ஒரு பழந்தான் கெடச்சுது. மத்ததெல்லாம் போச்சு." ரத்தம் வழியும் கயிற்றை அவள் தளர்த்தவில்லை. "மேல வாங்க. போனது பாறையோட பங்கு."