பத்தாவது பொருள்

ரோபாட்டிக்ஸ் வகுப்பில் பெனிட்டாவுக்கு ஒரு வீட்டுப்பாடம். வீட்டிலுள்ள பத்துப் பொருள்களைச் சோதித்து, மின்சாரம் ஓடினால் எளிதிற்கடத்தி, ஓடாவிட்டால் அரிதிற்கடத்தி என்று எழுத வேண்டும். ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவதாக, லைன்மேன் வேலை பார்க்கும் அப்பாவின் ரப்பர் கையுறையை எடுத்தாள். அதற்குள் உப்புத் தண்ணீர் ஊற்றி, உப்புத் தண்ணீர் வாளியில் மணிக்கட்டு வரை அமிழ்த்தினாள். பேட்டரியிலிருந்து வந்த ஒரு கம்பியைக் கையுறைக்குள்ளும் இன்னொன்றை வாளியிலும் விட்டாள். கம்பியில் இணைத்திருந்த சிறு எல்.இ.டி. விளக்கு எரிந்தது.

"அப்பா, இதுல ஓட்டை இருக்கு."

சாப்பிட்டுக்கொண்டிருந்த சூசை நிமிரவில்லை. "ரப்பர்தானம்மா. அரிதிற்கடத்தின்னு எழுது. இல்லன்னா மார்க் போயிரும்."

"லைட்டு எரியுதேப்பா!"

"தெரியும். மூணு மாசமா புதுசு கேக்கேன். மாப்பிள்ளைக்குக் கை நோகுதோன்னு ஆபீஸ்ல சிரிக்காங்க."

கை கழுவிவிட்டு வந்து, கையுறையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டித் துண்டால் துடைத்தார். வாசலில் மின்வாரிய வண்டி ஹாரன் அடித்தது.

"அரிதுன்னா எப்பவாவது ஒரு தடவைன்னுதானப்பா அர்த்தம்?"

"ஆமா" என்றார் சூசை, கையுறையை இடுப்பில் செருகிக்கொண்டே. "எப்பவாவதுதான்."