ராணிக்குத் தெரியாதது

எழுதிப் பழகாத நான் இதை எழுதத் துணிந்தமைக்குப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

1967ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில், போர்ட் பிளேயர் பள்ளியொன்றில், ஆசிரியை சந்திரமதி பழைய கிரேக்கத் துன்பியல் நாடகம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தார். அரசனின் கப்பல் மூழ்கப்போவது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். அவனுக்காக விருந்து சமைக்கும் ராணிக்கு மட்டும் தெரியாது. சந்திரமதியின் கணவர் உதயசூரியனும் அன்று மாலை பாராடாங் தீவிலிருந்து லாஞ்ச் என்னும் விசைப்படகில் திரும்புவதாக இருந்தது.

வழக்கமாக அந்த இடத்தில் மாணவர்கள் ராணியைக் கேலி செய்து சிரிப்பார்கள். அன்று எல்லாரும் ஆசிரியையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதிய இடைவேளையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டதை அவர்கள் பார்த்திருந்தார்கள்; ஆசிரியை பார்க்கவில்லை.

"என்ன கப்சிப்னு இருக்கீங்க? ராணிகிட்ட நீங்க என்ன சொல்லுவீங்க?"

கரீமா எழுந்தாள். "வயர்லெஸ்ல சொல்லி சாரை நிறுத்துங்கன்னு சொல்லுவேன், டீச்சர்."

"அந்தக் காலத்துல ஏதுடி வயர்லெஸ்? ராஜாவைப் போய் சார்ங்கிற!"

"அரே, டீச்சருக்கு சமஜ் ஆகல, புரியலடா," என்றான் பின்வரிசையில் காதர்.

கரீமாவின் கன்னங்களில் நீர் வழிந்தது. ஒரு நாடகத்துக்கு இவ்வளவு உருகும் மாணவியைச் சந்திரமதி அதுவரை கண்டதில்லை.

"ரொம்ப நல்லா ரசிச்சிருக்க. உக்காரு," என்று மனமாரப் பாராட்டினார்.

அப்போது லாஞ்ச் பாராடாங் படகுத்துறையில் கட்டித்தான் கிடந்தது. உதயசூரியன் கரையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வயர்லெஸ் இருந்த காவல் நிலையம் பள்ளிக்கு எதிரிலேயே இருந்தது.

மணியடித்ததும் சந்திரமதி வீட்டுக்குப் போய் இருவருக்கு உலை வைத்தார்.

கடலில் போனவை: லாஞ்ச் ஒன்று, அதை ஓட்டியவர், கூலியாட்கள் மூவர், உதயசூரியன்.