பதினேழாம் எண் அலமாரி

மெல்பர்னில் ஓர் ஆஸ்திரேலியக் கால்பந்து கிளப்பின் உடைமாற்றும் அறையில் பதினேழாம் எண் அலமாரிக்கு முன்னால், முட்டை வடிவப் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் ப்ரோடி. அந்த எண்ணை அணிந்து ஆடியவர்களின் பெயர்கள் எல்லாம் கதவில் வரிசையாக இருக்கின்றன. நடுவில் ஒன்று மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. கடைசிப் பெயர் அவனுடையது. சனிக்கிழமை மதுக்கடை வாசலில் ஒருவரை அடித்துச் சாய்த்த கை இன்னும் வீங்கியே இருக்கிறது. வெளியே, காலை வெயிலில் கேமராக்கள் காத்திருக்கின்றன. கிளப்பின் செய்தித் தொடர்பைப் பார்க்கும் மெரிடித் மன்னிப்பு அறிக்கையை நீட்டுகிறாள். "ரெண்டாவது பத்தியில கொஞ்சம் நிறுத்திப் படி. சிரிச்சுத் தொலைக்காத." அவன் தாளை மேலும் கீழும் பார்க்கிறான். "அடிபட்டவர் பேரு இதுல இல்லையே?" "பேரெல்லாம் வேணாம்னு வக்கீல் சொல்லிட்டாருடா." சுவரில் சத்தமில்லாமல் ஓடும் தொலைக்காட்சியில் அவன் முகம் தெரிகிறது. அதன் கீழே எழுத்துகள் ஊர்கின்றன: கண்ணீர் மல்க மன்னிப்புக் கேட்டார் ப்ரோடி கில்டே. "மெரிடித், நான் இன்னும் வெளியவே போகலையே!" "காலையிலயே அறிக்கைய அனுப்பிட்டேன். டிவிக்காரனுங்க அவசரப்பட்டுப் போட்டுட்டானுங்க. எந்திரி, நேரமாச்சு." அவன் எழுந்திருக்கிறான். கையிலிருக்கும் தாளில் சொட்டென்று ஒரு துளி விழுகிறது. அண்ணாந்து பார்க்கிறான். கூரை காய்ந்து கிடக்கிறது.