அரசர் தலையில் ஒரு கட்டை

புகை அலாரம் அலறியது. யோகராணி குசினியில் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தார்.

"கராஜ் அடுப்பில வறுக்கச் சொல்லி எத்தினை தரம் சொல்லுறது?" அவருடைய கணவர் பொன்னம்பலம் துவாயை எடுத்து அலாரத்துக்கு விசிறினார்.

"அங்க குளிர். நீங்கள் போய் நிண்டு வறுங்கோவன்."

அலாரம் ஓய்ந்த பிறகுதான் வாசல் மணி கேட்டது. நகரத்துக்கு வெளியே ஒதுங்கிக் கிடக்கும் ஸ்ரௌவ்வில்லுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் யாரும் வருவதில்லை. பொன்னம்பலம் கதவைத் திறந்தார். தடித்த கோட்டுக்குள் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். கையில் சின்னத் தகரப் பெட்டி.

"பொன்னம்பலம் அண்ணையோ? நான் கிளடிஸ். பிக்கரிங்கில இருந்து வாறன். ஏலத்துக்குப் போற மலாயா முத்திரை உங்கடதுதானே?"

அவருடையதுதான். பழைய தபால்தலை அல்பம் ஒன்றை யாரோ ஒரு வீட்டு வாசலில் வைத்து விற்றபோது, பன்னிரண்டு டொலருக்கு வாங்கியதில் வந்தது. உலகப் போரில் ஜப்பான்காரர் மலாயாவைப் பிடித்த புதிதில், பிரித்தானிய அரசரின் தலை போட்ட முத்திரைகள்மேல் ஓர் அச்சை அடித்துத்தான் விற்றார்கள். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் ஏதோ ஒரு சின்ன ஊர்த் தபாற்கந்தோர் தன்பாட்டில் அடித்த முத்திரை இது. எந்தக் கட்டலொக்கிலும் இல்லை. வேறொன்று இருப்பதாக யாருக்கும் தெரியவில்லை. ஒன்றரை லட்சம் டொலர் போகலாம் என்றது ஏல நிறுவனம். நிபுணர் ஒருவர் பார்த்து, அசல்தான் என்று கையெழுத்து வைப்பதுதான் பாக்கி.

அதை நம்பிப் பொன்னம்பலம் போன வெள்ளிக்கிழமை தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார்.

கிளடிஸ் பெட்டியைத் திறந்தார். பஞ்சுக்கு நடுவில் பெருவிரல் அளவில் ஒரு மரக்கட்டை.

"எங்கட பாட்டா மலாயாவில போஸ்ட்மாஸ்டர். சண்டை நேரம் தச்சனைப் பிடிச்சுச் செதுக்குவிச்ச அச்சு. ஏலக்காரர் வெப்சைற்றில போட்ட படத்தைப் பார்த்தன். அதே அச்சு."

பொன்னம்பலம் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு மூலை உடைந்திருந்தது. அவருடைய முத்திரையில் விழுந்த அச்சிலும் அதே மூலை இல்லை.

அரசர் தலை போட்ட வெறும் முத்திரை இன்டர்நெட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். இந்தக் கட்டையும் ஒரு மைப்பெட்டியும் இருந்தால், ஒரு பின்னேரத்துக்குள் உலகின் ஒரேயொரு முத்திரையை நூறாக அடிக்கலாம்.

"ஆருக்கும் காட்டினனீங்களோ?"

"இன்னும் இல்லை. ஏலக்காரரோட ஃபோனில கதைச்சனான். காட்ட முதல் உங்களோட கதைக்கிறது நல்லது எண்டு நினைச்சன்."

"ஏன் என்னோட?"

"உங்கட முத்திரையின்ர விலை இதிலதானே இருக்கு, அண்ணை." கிளடிஸ் சிரித்தார். "எனக்கும் உங்களால ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கு."

என்ன காரியம் என்று பொன்னம்பலம் கேட்கவில்லை. எவ்வளவு கேட்பார் என்றுதான் யோசித்தார். பாதியா? முழுவதுமா?

யோகராணி எட்டிப் பார்த்தார். "ஆர் வந்திருக்கிறது? பிள்ளை, நீங்கள் ஊரில எவடம்?"

"இளவாலை, அக்கா."

"இளவாலையோ? நான் பண்டத்தரிப்பு. வாங்கோ உள்ளுக்கு, தேத்தண்ணி போட்டுக்கொண்டு கதைப்பம்."

கிளடிஸைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனார். இருவருக்கும் தெரிந்த ஓர் ஆள் அகப்படும்வரை அந்த விசாரணை முடியாது என்பது பொன்னம்பலத்துக்குத் தெரியும். பெட்டி மேசையில் இருந்தது.

கராஜில் புகை அலாரம் கிடையாது. மீன் பொரிப்பதற்கென்றே போட்ட அடுப்பு. எண்பது வருடம் காய்ந்த மரம் எந்த முரண்டும் பிடிக்காமல் எரிந்தது. சாம்பலை வாளிக்குள் தட்டினார். தட்டில் இருந்த கறிச்சரக்குப் போத்தலிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்து, பஞ்சுக்கு நடுவில் படுக்க வைத்துப் பெட்டியை மூடினார். இனி அந்தப் பெண் பொலிசுக்குப் போனால், மஞ்சளைத்தான் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.

அவர் கதிரையில் வந்து சாய்ந்தபோது, குசினியில் ஒரு தூரத்துச் சொந்தம் அகப்பட்டிருந்தது.

கிளடிஸ் தேநீரோடு திரும்பி வந்தார்.

"சொல்லுங்கோ தங்கச்சி," என்றார் பொன்னம்பலம் தாராளமாக. "என்னால என்ன காரியம் ஆகோணும்?"

"ஏலப் புத்தகத்தில பாட்டாவின்ர பேரை ஒரு வரியில போடச் சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் போடுவினமாம்."

"பிறகு?"

"பிறகென்ன? அவ்வளவுதான்."

"காசு?"

"காசு என்னத்துக்கு, அண்ணை? அக்கா இப்ப எனக்குச் சொந்தமெல்லே."

பொன்னம்பலத்தின் தேநீர்க் கோப்பை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

கிளடிஸ் பெட்டியைத் திறக்காமலே அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

"இது உங்களிட்டயே இருக்கட்டும். நாளைக்குக் காலமை ஏலக்காரரிட்டக் கொண்டுபோய்க் குடுங்கோ; உங்கட முத்திரை கள்ளம் எண்டுதான் அந்த நிபுணர் எழுதப் போறாராம், அடிச்ச கட்டையைக் கண்ணால கண்டால் மட்டும்தான் நம்புவாராம்."